டர்பன்ல ஒரு நாள் கடைசல் கிளாஸ்: 80 மில்லிமீட்டர்ல ஒரு மர உருண்டை

ஹில்கிரெஸ்ட் தாண்டி போத்தாஸ் ஹில் போற வழியில, ஒரு வீட்டுக்குப் பின்னாடி இருக்குற பட்டறை இது. மாசத்துக்கு ஒரு சனிக்கிழம, நாலே நாலு பேரச் சேத்துக்கிட்டு மர லேத்துல (மரத்தச் சுத்த விட்டுக் கடையுற மெஷின்) உருண்டை கடைய சொல்லித் தர்றாங்க. நான் போனது போன ஆகஸ்ட்ல. இப்ப பிப்ரவரி, ஆறு மாசம் கழிச்சு எழுதுறேன், அதுக்கு ஒரு காரணம் இருக்கு, கடைசில வரும். பட்டறை பேரு போடல. சொல்லித் தர்ற அங்கிள் "நாலு பேருக்கு மேல என்னால கண்ணு வச்சிப் பாத்துக்க முடியாதும்மா, பேரு போட்டா கூட்டம் வந்துரும்"னு கேட்டுக்கிட்டாரு, அத மதிக்கணும். நம்ம டர்பன் தமிழ் ஆளுங்க யாராவது உண்மையிலயே போகணும்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சொல்றேன்.

நான் ஏன் போனேன்னு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா அது இல்லாம இந்த ரிவ்யூ உங்களுக்கு ரொம்ப ஓவராத் தெரியும். எனக்குச் சொந்த ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். எங்க ஊர்ப் பக்கத்து மரச் சொப்புச் சாமான் தெரியும்ல, குட்டி அம்மி, குட்டி உரல், குடம், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமா பளபளன்னு இருக்குமே, அது அத்தனையும் கடைசல் பட்டறையிலதான் பொறக்கும். சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வர்ற வழியில வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். சுத்துற மரத்து மேல அரக்குக் குச்சிய அழுத்துவாங்க, அந்த உரசுற சூட்டுலயே அரக்கு உருகி மரத்துல ஏறிக்கும், அப்புறம் ஓலைத் துண்ட வச்சி ஒரு தேய்ப்பு, கண்ணாடி மாதிரி ஆயிடும். அந்த உருகுற அரக்கு வாசன இப்ப நெனச்சாலும் மூக்குல நிக்குது. ஆனா ஒரு நாளும் யாரும் "உள்ள வா புள்ள, நீயும் உளியப் புடிச்சிப் பாரு"ன்னு சொன்னதில்ல. பொம்பளப் புள்ளைக்கு அது என்னத்துக்குன்னு அப்ப இருந்துச்சு, நானும் கேக்கல. கல்யாணம் ஆகி, டர்பன் வந்து ஒம்பது வருஷமா அக்கவுண்ட்ஸ் வேலை பாத்துக்கிட்டு, 41 வயசுல போய் உளியப் புடிச்சேன்.

இதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துக்கு முந்தி இன்னொரு எடத்துல (பேரு வேணாம்) மரக் கடைசல் கிளாஸ்னு போனேன், பன்னெண்டு பேரு, மூணு மெஷின், ஆளுக்கு இருபது நிமிஷம், ஒரு பேனா. ரெடிமேடா வெட்டி வச்ச கட்டை, அளவு பாக்கவும் வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம், பேனாவ எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தேன், ஆனா கத்துக்கிட்டேன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல. அதனாலதான் இந்த கிளாஸோட தனிச் சிறப்பா நான் நெனைக்கிற விஷயத்த இப்பவே சொல்லிடுறேன்: மொத நாளே உருண்டை. கிண்ணம் கடைஞ்சா கொஞ்சம் வளஞ்சாலும் நெளிஞ்சாலும் "அதுதான் டிசைன்"னு சொல்லிக்கலாம். மெழுகுவர்த்தி ஸ்டாண்டும் அப்படித்தான். உருண்டையில அந்த வேலை நடக்காது, உள்ளங்கையில வச்சி ஒரு சுத்து சுத்தினா எங்க தப்புன்னு குழந்தைகூட சொல்லிடும். புதுசா வர்றவங்களுக்கு இது ரொம்பக் கஷ்டம்னு நெறைய பேரு சொல்வாங்க, நான் அத ஒத்துக்கல, கஷ்டமா இருக்குறது நெசம்தான், ஆனா எங்க தப்புன்னு தெளிவாத் தெரியுற கஷ்டம் அது.

அங்கிளப் பத்தி. எழுபது தாண்டியவரு, டர்பன்லயே பொறந்து வளந்தவரு, அவரோட தாத்தாவோட அப்பா காலத்துல கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். (1860 நவம்பர் 16ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல வந்தாங்கள்ல மொத ஆளுங்க 342 பேரு, அவங்களுக்குப் பின்னாடி வந்த கப்பல்கள்ல ஒண்ணு.) வேலை பாத்த காலம் பூராவும் பேட்டர்ன் மேக்கர். வார்ப்புப் பட்டறையில இரும்ப உருக்கி ஊத்துறதுக்கு மொதல்ல மரத்துல அச்சு அசலா ஒரு உருப்படி செய்யணும், அத மணல்ல பதிச்சு எடுத்துத்தான் அச்சு. ஆறுன இரும்பு சுருங்கும்கிறதால அந்தச் சுருக்கத்தையும் கணக்குப் போட்டு மர உருப்படிய கொஞ்சம் பெருசா செய்யணுமாம். அப்படி அரை மில்லிமீட்டரு பாத்துப் பாத்துப் பழகுன கண்ணு, நம்ம கடைஞ்சத தூரத்துல நின்னு பாத்தே "இடது பக்கம் கொஞ்சம் தொப்பை"ன்னு சொல்லிடுறாரு, காலிப்பர (தடிமன் அளக்குற கருவி) வச்சிப் பாத்தா கரெக்ட்டா இருக்கு.

தமிழ் பேச வராது அவருக்கு. இங்க முக்காவாசி வீட்டுல அப்படித்தான், ஆயா, தாத்தா, பெரியம்மா, மாமான்னு கூப்பிடுறது இருக்கும், கோயில்ல பாட்டு இருக்கும், பேச்சு இங்கிலீஷ்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் மெஷின் போடுறதுக்கு முன்னாடி சத்தமா "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு சொல்லிட்டுத்தான் ஸ்விட்ச தட்டுறாரு, அவரோட ஆயா எண்ணிக் கொடுத்த பழக்கமாம். இந்த வேலைக்குத் தமிழ்ல என்ன பேருன்னு என்கிட்ட கேட்டாரு. கடைசல்னு சொன்னேன், தயிரு கடையுறதும் இதே சொல்லுதான் அங்கிள்னேன், மத்துக் கயித்த இழுத்து இழுத்துச் சுத்துறது மாதிரியே அந்தக் காலத்து லேத்தும் கயிறு சுத்தி இழுத்துத்தான் ஓடுச்சுன்னு. அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சாக்பீஸ் எடுத்து, உச்சரிப்ப ரெண்டு தடவ கேட்டுக்கிட்டு, போர்டுல மேல எழுதி வச்சாரு. சாயங்காலம் போர்ட அழிக்கும்போது அத மட்டும் விட்டுட்டாரு.

சரி கிளாஸுக்கு வர்றேன். காலையில எட்டு மணி, மொத முக்கா மணி நேரம் பாதுகாப்பு மட்டும்தான். வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டணும், கையுறை கூடவே கூடாது (துணிய மெஷின் புடிச்சா கையும் சேந்து போயிடும்), முழுக்கைச் சட்டைய முழங்கைக்கு மேல மடிக்கணும், முடியக் கொண்டை போட்டு தொப்பிக்குள்ள. தாலிச் செயினுக்கு என்ன பண்றதுன்னு தயங்கிட்டு நின்னேன், அவரு கேக்காமலே கழுத்து வரைக்கும் ஜிப் இருக்குற ஒரு மேல்சட்டை எடுத்துக் குடுத்தாரு, உள்ள போட்டு மூடிக்கிட்டேன், பொம்பளைங்க வந்து பழகுன எடம்னு அப்பவே ஒரு நிம்மதி. இன்னொண்ணு, லேத்தோட நடு அச்சு நம்ம முழங்கை உயரத்துல இருக்கணும், இல்லாட்டி முதுகு போயிடும். நான் அஞ்சடி, எனக்குக் கீழ மரப் பலகைய அடுக்கி ஏத்தி விட்டாரு. பலகை கொஞ்சம் ஆடுச்சு, அத அவரு சரி பண்ணணும், உளி கையில இருக்கும்போது காலுக்குக் கீழ ஆடக் கூடாது.

மரம் ஜக்கராண்டா. அக்டோபர்ல தெருவெல்லாம் ஊதாப் பூ கொட்டுமே அதே மரம், தென்னமெரிக்காவுல இருந்து வந்தது, பரவிப் போயிடுதுன்னு இப்ப குவாசுலு நட்டால்ல (டர்பன் இருக்குற மாகாணம்) அதுக்குக் கட்டுப்பாடு இருக்கு. வெட்டுன மரம் ஈஸியாக் கெடைக்குது, வெளுப்பா, மிருதுவா, உளிக்கு அடங்கி வருது, புதுசாப் பழகுறவங்களுக்கு அருமையான மரம். அலமாரியில கியாட்னு ஒரு ஆப்பிரிக்க மரமும் இருந்துச்சு. கையில எடுத்துப் பாத்ததும் அந்தச் செவப்புப் பழுப்பு எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு கேட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சுது, நம்ம வேங்கை, செஞ்சந்தனம் ரெண்டுக்கும் அது ஒரே குடும்பத்துப் பங்காளியாம், வெட்டுனா வேங்கை மாதிரியே ரத்தச் செவப்புல பால் வடியும். ஆப்பிரிக்காவுல நின்னுக்கிட்டு வேங்கையோட தம்பியத் தொட்டுப் பாத்த மாதிரி ஆயிடுச்சு எனக்கு. "ரெண்டாவது உருண்டை அதுல, மொத உருண்டை இதுல"ன்னு கையில இருந்து வாங்கி மேல வச்சிட்டாரு. டம்போட்டின்னு ஒரு மரம் இருக்கு, நல்ல வாசன, அது பக்கமே புதுசா வர்றவங்கள விட மாட்டாரு, அதோட பாலு விஷம், தூளு கண்ணுல பட்டா எரிச்சல் தாங்காது, அத வெறகா வச்சி பிரை (நெருப்புல கறி சுடுறது) போடக் கூடாதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

90 மில்லிமீட்டர் சதுரக் கட்டை, 130 நீளம். ரெண்டு முனையிலயும் மூலைக்கு மூலை கோடு போட்டு நடுப்புள்ளி எடுத்து, ரெண்டு பக்கமும் சென்டர் குத்தி மாட்டணும். சதுரம் சுத்தும்போது தட தடன்னு ஒரு சத்தம், மொதல்ல எனக்கு கையெல்லாம் ஒதறிச்சு, பெரிய ரஃபிங் கௌஜ (கட்டைய மொதல்ல உருட்டையாக்குற அகல உளி) டூல் ரெஸ்ட்ல (உளிய ஊனுற தாங்கி) வச்சி மெதுவா உள்ள விட்டா நாலு மூலையும் தெறிக்கும், சத்தம் கொஞ்சம் கொஞ்சமா அடங்கி, தட தட போய் ஒரே சீரா ஹ்ம்ம்னு ஒரு முனகல் ஆயிடும். சதுரம் உருளை ஆயிடுச்சுன்னு கண்ணால பாக்குறதுக்கு முன்னாடி காது சொல்லிடும். அங்கிள் திரும்பத் திரும்பச் சொல்றது மூணே வார்த்தை: மொதல்ல ரெஸ்ட்ல ஊனு, அப்புறம் உளியோட முதுக மரத்துல தடவு, அப்புறம் கைப்பிடியத் தூக்கி வெட்டு. இந்த வரிசை மாறினா உளி மரத்துல கொத்திக்கும், கட்டை தெறிக்கும், நெஞ்சு திக்குன்னு ஆயிடும். எனக்கு ரெண்டு தடவ ஆச்சு.

இப்ப கணக்கு. எனக்குப் புடிச்ச எடம் இது, தூங்கி வழியிற ஸ்கூல் கணக்கு மாதிரி இல்ல. உருளைய 80 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கொண்டு வந்து, நீளத்தையும் பார்ட்டிங் உளியால (மெல்லிசா வெட்டிப் பிரிக்கிற உளி) சரியா 80க்கு குறிச்சு, ரெண்டு பக்கமும் கட்டைவெரல் தடிமனுக்கு ஒரு தண்டு மட்டும் விட்டுட்டு மத்தத வெட்டி எடுத்துடணும். நட்ட நடுவுல பென்சிலால ஒரு கோடு, அதுதான் அன்னைக்குப் பூரா நமக்குத் தெய்வம், அத உளி தொடவே கூடாது. அப்புறம் 80அ 0.293ஆல பெருக்கு, 23.4 வருது. உருளையோட ஓரத்துல இருந்து உள்பக்கம் 23.4ல ஒரு கோடு, முனை முகத்துல விளிம்புல இருந்து உள்ள 23.4ல ஒரு வட்டம். இந்த ரெண்டு கோட்டையும் நேரா வெட்டிச் சேத்தா மூலை போய் பக்கத்துல இருந்து பாக்க எட்டுப் பக்க உருவம் ஆயிடும். அந்த எட்டுல இருக்குற மூலைகளச் சீவினா பதினாறு. அப்புறம் மிச்சம் கைக்கும் கண்ணுக்கும். "கணக்கு உன்ன எட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போகும், பதினாறு வரைக்கும் தள்ளி விடும், அதுக்கப்புறம் நீயேதான் நடக்கணும்"னாரு. கால்குலேட்டரே தொழிலா வச்சிருக்குற எனக்கு அந்த பதினாறுக்கு அப்புறம் வர்ற எடம் உண்மையிலயே பயமா இருந்துச்சு.

வெட்டுற திசையும் உண்டு. எப்பவும் மேட்டுல இருந்து பள்ளத்துக்கு, அதாவது நடுக்கோட்டுப் பக்கத்துல இருந்து தண்டு பக்கமா இறங்கணும், எதிர்ல ஏறினா மர நார் பிஞ்சு வந்துடும். நான் வலது பக்கத்த நல்லா இறக்கிட்டேன், இடது பக்கம் போகும்போது உடம்ப எப்படித் திருப்புறதுன்னு தெரியாம கைய மட்டும் திருப்புனேன், அங்கதான் கொத்திச்சு, தண்டுப் பக்கமா ஒரு பள்ளம், நல்லா ஆழமா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவரு மெஷின நிறுத்தி, பள்ளத்த வெரலால தடவிப் பாத்துட்டு, "உருண்டை இன்னும் உள்ளதான் இருக்கு, கொஞ்சம் சின்ன உருண்டை, அவ்வளவுதான்"னாரு. 80 போச்சு, 73ன்னு புதுசா அளவு போட்டு கோடு கிழிச்சு மறுபடி மொதல்ல இருந்து. இப்ப யோசிச்சா அந்தப் பள்ளம்தான் எனக்கு ரெண்டு தடவ பாடம் எடுத்துச்சு, ஏன்னா மத்த மூணு பேரும் கணக்க ஒரு தடவ போட்டாங்க, நான் ரெண்டு தடவ போட்டேன், இப்ப தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்.

மத்த மூணு பேருன்னா, ஃபீனிக்ஸ்ல இருந்து ஒரு ரிட்டயர்ட் நர்ஸ் அக்கா, பைன்டவுன்ல தச்சு வேலை பாக்குற ஒரு சூலுத் தம்பி, அப்புறம் ஸ்கூல் படிக்கிற ஒரு பையன். தம்பிக்கு மரம் பழக்கம், ஆனா அவனும் உருண்டையில தெணறுனான், அது எங்க எல்லாருக்கும் தைரியம் குடுத்துச்சு.

மத்தியானத்துக்கு முன்னாடி அங்கிள் ஒரு கேள்வி போட்டாரு: உருளையில எவ்வளவு மரம் சீவலாப் போச்சு? பையன் கால்வாசின்னான், அக்கா பாதின்னாங்க. சரியா மூணுல ஒரு பங்கு. விட்டமும் உயரமும் ஒண்ணா இருக்குற உருளைக்குள்ள அடங்குற உருண்டை எப்பவுமே மூணுல ரெண்டு பங்குதான், எந்த அளவுல செஞ்சாலும் மாறாது. ஆர்க்கிமிடீஸ் 2200 வருஷத்துக்கு முன்னாடி கண்டுபுடிச்சது, தன்னோட சமாதியில அந்த உருளையும் உருண்டையும்தான் செதுக்கணும்னு கேட்டுக்கிட்ட அளவுக்கு அவருக்கு அது பெருமை. இத நான் பத்தாம் வகுப்புல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியிருக்கேன். காலுக்குக் கீழ கணுக்கால் வரைக்கும் கெடந்த சீவலப் பாத்தப்பதான் அது என்னன்னு புரிஞ்சுது.

சாப்பாடு அங்கிள் வீட்டு ஆன்ட்டி செஞ்சது, பீன்ஸ் கறி வச்ச குவார்ட்டர் பன்னி (பன்றி இல்ல, பன்னி சௌ, கால் பிரெட்டக் குடைஞ்சு உள்ள கறி ஊத்துறது), கேரட் சம்பல், டீ. சைவம் சாப்பிடுறவங்க கவலைப்பட வேண்டியதில்ல.

மத்தியானம் நடந்ததுதான் இந்த கிளாஸோட உயிர். தண்டு ரெண்டையும் அறுத்து எடுத்துட்டு, உருண்டைய 90 டிகிரி திருப்பிப் போடணும். சக் (மரத்தக் கவ்விப் புடிக்கிற பிடி) இல்ல, ரெண்டு மரக் கிண்ணம், உள்ள தோல் ஒட்டியிருக்கும், ஒண்ணு மோட்டார் பக்கம், இன்னொண்ணு டெயில்ஸ்டாக்ல (எதிர்முனைத் தாங்கி), ரெண்டுக்கும் நடுவுல உருண்டை வெறும் அழுத்தத்துலயே நிக்கும். காலையில நடுவுல சுத்தி வந்த பென்சில் கோடு இப்ப கிண்ணத்துக்குக் கிண்ணம் நீளவாக்குல ஓடும். மெஷின் போட்டதும் பாருங்க, உருண்டைய சுத்தி ஒரு நெழல். கெட்டியா இருக்குற மரம் உள்ள தெரியுது, அதுக்கு வெளிய பொகை மாதிரி மங்கலா ஒரு ஓரம். நாம உருண்டைன்னு நெனச்சு வச்சிருந்தது உருண்டையே இல்லன்னு அந்தப் பொகை காட்டிக் குடுத்துடும். எங்கெல்லாம் மரம் அதிகமா புடைச்சிருக்கோ அங்கெல்லாம் நெழல். அந்த நெழல மட்டும் வெட்டணும், பென்சில் கோட்ட உளி லேசா முத்தம் குடுக்குற வரைக்கும், அதுக்கு மேல ஒரு மயிரிழகூட வேண்டாம். ஏன்னா அந்தக் கோடு காலையில மெஷின்லயே வெட்டுன சரியான வட்டம், வட்டத்த அதோட விட்டத்து மேல சுத்த விட்டா கெடைக்கிறது சரியான உருண்டை. இத அவரு ஒரு வளையத்தக் கையில புடிச்சிச் சுத்திக் காட்டுனாரு, புரிஞ்சிடுச்சு.

நெழல வெட்டுறதுன்னா காத்துல வெட்டுற மாதிரி இருக்கும். உளி பாதிச் சுத்துல மரத்தத் தொடுது, பாதிச் சுத்துல தொடல, டிக் டிக் டிக்னு சத்தம். பயந்து அழுத்துனா கொத்திடும், பயந்து விட்டுட்டா ஒண்ணும் வெட்டாது. உளிய ரெஸ்ட்ல அசையாம வச்சிக்கிட்டு மரம் தானா வந்து வெட்டிக்கிட்டுப் போகட்டும்னு பொறுமையா இருக்கணும். இங்க கௌஜ வாங்கி வச்சிட்டு, முனை வளஞ்ச ஸ்க்ரேப்பரக் குடுத்தாரு, அது சொரண்டுற உளி, கைப்பிடிய கொஞ்சம் தூக்கி முனை கீழ பாக்குற மாதிரி புடிக்கணும், வேகம் குறைவு, ஆனா புது ஆளுக்கு அடங்கும். டிக் டிக் கொறஞ்சு கொறஞ்சு ஒரு எடத்துல டக்குனு நின்னுடுச்சு. நெழலும் இல்ல. எங்க ஊரு பட்டறை வாசல்ல நின்ன காலத்துல எனக்குத் தெரியாம இருந்தது இதுதான், அவங்க கண்ணு பாத்துக்கிட்டு இருந்தது மரத்த இல்ல, மரத்தச் சுத்தி இருந்த நெழல.

நெழல் தெரியணும்னு லேத்துக்குப் பின்னாடி கறுப்புப் பெயின்ட் அடிச்ச பலகை வச்சிருக்காரு, சாதாரண விஷயம், ஆனா வெள்ளச் சுவரு இருந்தா வெளிர் ஜக்கராண்டாவுல ஒண்ணும் தெரியாது. அதே அளவுக்கு எனக்குக் கோவம் வந்த விஷயம், போட்டுக்கக் குடுத்த முகக் கவசம். கீறல் கீறலா இருந்துச்சு. மத்த வேலைக்குப் பரவாயில்ல, நெழலப் பாத்து வெட்டுற வேலைக்கு மங்கலான கவசத்தக் குடுத்தா எது நெழல் எது கீறல்னு எப்படித் தெரியும்? ரெண்டு தடவ கேட்ட பிறகு வேற ஒண்ணு குடுத்தாரு, அது பரவாயில்ல. நீங்க போனா சொந்தமா ஒண்ணு வாங்கிட்டுப் போயிடுங்க.

அப்புறம் மறுபடி திருப்பிப் போட்டு, இன்னொரு அச்சுல கொஞ்சம், இன்னொரு அச்சுல கொஞ்சம்னு, ஒவ்வொரு தடவையும் நெழல் சின்னதாகிட்டே வந்துச்சு. சரி பாக்குறதுக்கு அவரு வச்சிருக்குற கருவி என்ன தெரியுமா, ஒரு துண்டு பைப்பு, முனைய நேரா அறுத்து வழவழன்னு தேச்சது. உருண்டைய எங்க வெட்டினாலும் வட்டம்தான் வரும்ங்குறதால, சரியான உருண்டை மேல அந்தப் பைப்ப எங்க வச்சாலும் சுத்திலும் ஒட்டி உக்காரும், பின்னாடி வெளக்கு வச்சிப் பாத்தா ஒளி கசியாது. என்னோடதுல ரெண்டு எடத்துல மெல்லிசா ஒளி கசிஞ்சுது. ஒண்ணச் சரி பண்ணேன், இன்னொண்ணுக்கு நேரமில்ல.

நேரமில்லங்குறதுதான் என்னோட முக்கியமான குறை. மூணே முக்காலுக்குத்தான் உப்புத்தாள் கைக்கு வந்துச்சு. 120, 180, 240, 320, 400ன்னு (நம்பர் கூடக் கூட நைசு) வரிசையாப் போகணும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல உருண்டையத் திருப்பிப் போடணும், இல்லாட்டி ஒரே எடத்துல தேஞ்சு மறுபடி வடிவம் கெட்டுடும். நாலரைக்கு முடிக்கணும்னு அவசர அவசரமா ஓட்டுனோம், எனக்கு 240ஓட கீறல் இன்னும் ஒரு பக்கம் தெரியுது. பாதுகாப்புக்கு முக்கா மணி எடுத்தது சரிதான், அதக் கொறைக்கச் சொல்ல மாட்டேன், ஆனா ஏழரைக்கு ஆரம்பிக்கலாம், இல்ல கட்டைய உருளையா ஆக்கி வச்சிக் குடுக்கலாம்னு சொல்ல வாய் வந்துச்சு, அப்புறம் அந்தத் தட தட சத்தம் அடங்குறதக் கேக்காமப் போயிடும்னு அதையும் சொல்ல மனசு வரல. தூசி உறிஞ்சுற மெஷின் ஒண்ணுதான் இருக்கு, கதவுப் பக்கத்து லேத்துல, மத்த மூணு பேரும் மாஸ்க்க நம்பித்தான் இருக்கணும், ஆஸ்துமா இருக்குறவங்க முன்னாடியே சொல்லி அந்த லேத்தக் கேளுங்க. கையில எழுதிக் குடுக்குற பேப்பர் ஒண்ணும் இல்ல, நோட்டு கொண்டு போங்க. முன்பணம் பேங்க் டிரான்ஸ்ஃபர்தான், வராமப் போனா திரும்பக் கெடைக்காது, அத அவங்க முன்னாடியே தெளிவா சொல்றாங்க.

கட்டணம் 1,450 ராண்ட், மரம், சாப்பாடு, எண்ணெய் எல்லாம் சேத்து. கொறைச்சல் இல்லதான். ஆனா முழு நாளும் ஆளுக்கு ஒரு லேத், நாலு பேருக்கு ஒரு ஆசான், ஒரு தடவகூட அவரு உளிய வாங்கி நமக்காக வெட்டிக் குடுக்கல, கைய நம்ம கை மேல வச்சி அழுத்தம் எவ்வளவுன்னு மட்டும் காட்டுவாரு. பேனா கிளாஸுக்கு நான் குடுத்தது இதுல பாதிதான், அங்க வீணாப் போச்சு, இங்க ஒரு ராண்ட்கூட வீணில்ல. பதினாலு வயசுக்கு மேல புள்ளைங்களக் கூட்டிட்டுப் போகலாம். தாராளமாப் போங்க, குறிப்பா நம்ம பொண்ணுங்க.

இப்ப ஆறு மாசம் ஏன் காத்திருந்தேன்னு. கிளம்பும்போது அங்கிள் சொன்னாரு, "இன்னைக்கு இது உருண்டை. பிப்ரவரியில அளந்துட்டு எனக்குச் சொல்லு." மரம் காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும், ஆனா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்ல, நார் ஓடுற நீளவாக்குல அநேகமா அசையாது, குறுக்குவாக்குலதான் உப்பும் சுருங்கும், அதுலயும் வளையத்த ஒட்டிப் போற பக்கம் நடுவுல இருந்து வெளிய போற பக்கத்தவிட ரெண்டு மடங்கு. ஆகஸ்ட் இங்க காஞ்ச காலம், பிப்ரவரியில டர்பன் காத்தப் பத்திச் சொல்லவே வேணாம், உப்பு டப்பாவுல தண்ணி நிக்குது. போன வாரம் காலிப்பர் வாங்கி அளந்தேன். நீளவாக்குல 73.0, அன்னைக்கு இருந்த அதே அளவு. குறுக்குவாக்குல 73.5. அரை மில்லிமீட்டரு உப்பியிருக்கு. ஃபோன் பண்ணிச் சொன்னேன், அவரு சந்தோஷமாச் சிரிச்சாரு, பேட்டர்ன் மேக்கருக்கு இது சாப்பாடு மாதிரி.

பொண்ணு டைல்ஸ் தரையில உருட்டி விடுவா, நேராப் போயி, ஒரு எடம் வரும்போது மட்டும் லேசா சாயும். அன்னைக்கு ஒளி கசிஞ்ச ரெண்டாவது எடம் அதுதான். அங்க பென்சிலால ஒரு புள்ளி வச்சிருக்கேன். ஏப்ரல் கிளாஸுக்குப் பணம் கட்டியாச்சு, கியாட் கட்டை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன், அப்படியே இதையும் எடுத்துட்டுப் போயி அந்தப் புள்ளிய நெழலுக்குக் கொண்டு வந்து வெட்டணும்.